பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நான் பேச்செடுத்தாலே, "இயர்பட்ஸ் பெட்டியில சிவப்பு எரியுதும்மா, சார்ஜ் இல்ல, வச்சிடறேன்" என்கிறீர்கள். நீங்கள் தம்பிக்குப் புது போன் கேட்கும்போது மட்டும் அது எரிந்ததே இல்லை.

நேற்று எங்கள் சலவைக்கூடத்தில் என் பெட்டியிலும் சிவப்பு எரிந்தது. அவசரமாகக் காதிலிருந்து கழற்றப் போனேன். இஸ்திரி போடும் அக்கா சிரித்துவிட்டாள்.

"பெட்டிக்குத்தான்டி சார்ஜ் இல்ல. காதுல இருக்கறது இன்னும் ரொம்ப நேரம் பேசும்."

நானும் சிரித்து வைத்தேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், இங்கே நாள் முழுக்கச் சோப்பு வாசனைதான்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த முறை விளக்கைச் சாக்காகச் சொல்லாமல், "வராதே" என்றே சொல்லிவிடுங்கள். எனக்கு நன்றாகவே கேட்கும்.

உங்கள் மகள்