செயின் இல்லாமல் ஏறிய மேடு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஃபோன் எந்நேரமும் அப்பா சட்டைப் பையில் கிடப்பதால் இதைத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் மாட்டிக்கொண்ட கதையை அப்பா உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாரே, அதில் பாதிதான் உனக்கு வந்தது. நீ வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் சைக்கிளில்தான் தினமும் மேலே தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு திறக்கப் போகிறார். இப்போது அந்தப் பாதைக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அழுத்தி மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கிற வண்டி சைக்கிள் கணக்கு, விடுவார்கள். மிதிக்காமல் கைப்பிடியில் இருக்கிற த்ராட்டிலைத் திருகினாலே ஓடினால் அது மோட்டார் வண்டி கணக்கு, நடக்கிறவர்கள் மேல் மோதிவிடும் என்று விடமாட்டார்கள். உன் வண்டியில் இரண்டும் இருக்கிறதே. த்ராட்டிலைக் கழற்றிட்டு வாங்க சார் என்று கேட் காவலர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்து, கழற்றாமல் அதன் மேல் துணியைச் சுற்றிவிட்டார். கேட் பக்கம் வந்ததும் மூச்சு வாங்குவது போல் வாயைத் திறந்துகொண்டு பெடலைச் சும்மா சுற்றுவாராம். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து நடித்தே காட்டினார், நானும் மண்டு மாதிரி சிரித்தேன்.

அன்றைக்குச் செயின் கழன்று தொங்கியிருக்கிறது. இவர் அது தெரியாமல் காலைச் சுற்றிக்கொண்டே மேடு ஏறியிருக்கிறார். செயினே இல்லாம எப்படி சார் ஏறுறீங்க என்று காவலர் கேட்டாராம். கையும் களவுமாகப் பிடித்து வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதுவரைக்கும்தான் நீ கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

நடந்து வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றினால், வலது சாக்ஸ் கணுக்காலோடு ஒட்டிக் கிடக்கிறது. தொங்கின செயின் வழியெல்லாம் உரசிச் சதையைக் கிழித்திருக்கிறதடா. புண்ணுக்குள் கிரீஸ். நான் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன், அவர் வேறு யார் காலையோ பார்ப்பது போலக் குனிந்து பார்த்துவிட்டு, இது எப்ப ஆச்சு என்று என்னைக் கேட்கிறார். வண்டிச் சத்தத்தை வைத்தே எந்த நட்டு லூஸ் என்று சொல்கிற மனிதருக்குத் தன் கால் கிழிந்தது தெரியவில்லை. சர்க்கரை இருக்கிற உடம்பு. சோம்பேறித்தனத்தால்தான் த்ராட்டிலை ஒளித்தார் என்று நினைத்திருந்தேன். பெடலில் கால் இருக்கிறதா, வழுக்கிவிட்டதா என்பதே அவருக்குத் தெரிவதில்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். கால் விஷயம் வெளியே தெரிந்தால் தொட்டி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம். ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அந்தப் புண்ணோடு நடந்தே மேலே போய் வருகிறார். வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால், த்ராட்டில் இல்லாமல் மிதித்து மேலே ஏறிக் காட்டினால் வண்டியைத் தருவார்களாம். ஏறிக் காட்டியே தீருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பள்ளம் என்பது உனக்கே தெரியும். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்ன த்ராட்டில் கிடைக்குமா என்று உன்னிடம் கேட்டாரே, அதைத் தேடாதே.

வியாழனுக்குள் வீடியோவில் கூப்பிடு. காலைக் காட்டுங்கப்பா என்று சொல். கண்ணை மூடிக்கொள்ளச் சொல், நான் ஒவ்வொரு விரலாகத் தொடுகிறேன், எந்த விரல் என்று அவர் சொல்லட்டும். கேட்டில் நடித்தது போல இதில் நடிக்க முடியாது. நீ கேட்டால் மறுக்கமாட்டார். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நான் இழுத்துக்கொண்டு போகிறேன்.

நீயும் வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ கூப்பிட்டதும் அவர் மறுபடி அந்தச் செயின் கதையைத்தான் ஆரம்பிப்பார். இந்தத் தடவை நீ சிரிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா