அலமாரி விளக்கும் அப்பாவின் கோட்டும்

அசென்,

அடைத்த குடமிளகாய் அடுப்பில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

துணி அலமாரிக்குள் ஆள் அசைந்தால் எரியும் என்று ஒரு விளக்கு மாட்டினாயே, அதன் லட்சணத்தை இன்று காலையில் பார்த்தேன். அப்பா இறந்த நாற்பதாம் நாள் பூசைக்குக் கறுப்பு உடை எடுக்கப் போனால், கொக்கியில் அவர் கோட்டைக் காணோம். திகைத்துப்போய் அப்படியே நின்றேன். நான் அசையவில்லை என்று விளக்கு அணைந்துவிட்டது. கையை ஆட்டினேன், எரிந்தது. கோட்டு அப்போதும் இல்லை.

உன்னை எழுப்பிக் கேட்டால், "அதோட கை சென்சார மறைக்குதுடி. கீழ உருளைக்கிழங்கு மூட்டைமேல போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாய். முப்பது வருடம் வர்ணா ரயிலை ஓட்டியவரின் கோட்டு, உருளைக்கிழங்கு மூட்டைமேல்.

அப்பா பெயரில் படைக்க அவித்த கோதுமையை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறேன். பதினொரு மணிக்கு என் அண்ணன் வருவான். அவன் கண்ணில் படுவதற்குள் கோட்டை உதறிப் பழைய கொக்கியிலேயே மாட்டு.

டெனிட்சா

நிலவறை குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்கு. அதனால் என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே.

இன்னொன்று. கோட்டு சென்சாரை மறைத்தால் மறைக்கட்டும். அது தொங்குகிற இடம் எனக்கு இருட்டிலும் தெரியும்.