உன் கட்டத்தில் நான் எழுதிய எண்கள்

அம்மா,

இன்றைக்கு உன் பையைத் திறந்தேன். முதலில் வந்தது தலைவலித் தைலத்தின் வாடை. பிரஷர் பார்க்கும் மெஷினின் பட்டையில் அது ஊறிப் போயிருக்கிறது. இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் எத்தனை கைகளில் சுற்றிய பட்டை அது! ஏலக்காய் வாசம் வரலாம், மருந்தடித்த வாசம் வரலாம், மாரியம்மா அத்தையின் மூக்குப்பொடி வாசம்கூட வரலாம். எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு உன் நெற்றித் தைலம்தான் வருகிறது. காலையில் தைலம் தடவிய விரலோடு அப்படியே ஊர்க் கைகளில் பட்டையைச் சுற்றக் கிளம்பிவிடுவாய். உன் விரல் வாடை அதில் ஏறியிருக்கிறது. உன் கை மட்டும் ஒருநாளும் அதற்குள் போனதில்லை.

திங்கட்கிழமை ஷைனி சேச்சி வருகிறார். உன் இடத்துக்குப் போட்டிருக்கும் புது ஆஷா, சுகாதாரப் பணியாளர். இனிமேல் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கப் போவது அவர்தான். மெஷின், எடைத் தராசு, நீலப் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டுமாம். நீலப் புத்தகத்தில் வீட்டுக்கு ஒரு பக்கம், முப்பது வயது தாண்டிய ஆளுக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு கட்டம். நம் வீட்டுப் பக்கத்தில் இரண்டே வரிசை. ஒன்று அப்பா, ஒன்று நீ.

உன் வரிசையில் இருப்பதெல்லாம் பொய் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி போய்விட்டாய். மிச்சமிருக்கும் ஒருத்திக்கு அதை வைத்துக்கொண்டு மூச்சுவிட முடியவில்லை.

உனக்கு மலையாளம் வாயால் வரும், கையால் வராது. அதனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலில்லாத கட்டன் சாயாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். நீ துண்டுச் சீட்டைப் பார்த்து வாசிக்க, நான் புத்தகத்தில் எழுதுவேன். தேர்தல் முடிவு சொல்கிற மாதிரி நான் திருப்பிச் சொல்வேன்: "மாரியம்மா அத்தை, நூற்று அறுபது பெற்று முன்னிலை! எதிர்த்து நின்ற உப்பில்லாக் கஞ்சி டெபாசிட் இழந்தது!" நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாய மூடிக்கிட்டு எழுதுடி கழுத" என்பாய். கடைசியில் நம் பக்கம் வரும்.

"அப்பாவுக்குக் காலையில பாத்தத எழுது. எனக்கு நூத்தி இருபதுக்கு எம்பது போடு."

"உனக்குப் பாக்கவே இல்லியேம்மா."

"எனக்கென்ன கேடு? இந்த மலைய ஏறி எறங்குறவளுக்கு பிரஷராம். நாளைக்கு மீட்டிங்கு இருக்கு, போடுடி."

போட்டேன். அடுத்த மாதமும் அதையே போடச் சொன்னாய். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. எல்லா மாதமும் ஒரே எண் இருந்தால் சுகாதார சப் சென்டர் சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று, ஒரு மாதம் இரண்டு குறைத்தேன், ஒரு மாதம் நான்கு கூட்டினேன். தீபாவளி மாதம் பலகாரம், ஊறுகாய் எல்லாம் கணக்கில் எடுத்து லேசாக ஏற்றி, மறுமாதம் மரியாதையாக இறக்கி வைத்தேன். கள்ள ஓட்டுப் போடுகிறவன்கூட இவ்வளவு அக்கறையாகப் போட்டிருக்க மாட்டான். நீ புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாய். "என் பிரஷரவிட நீ எழுதுற பிரஷரு லட்சணமா இருக்குடி." பதினான்கு மாதம், அம்மா. பதினான்கு கட்டம்.

ஒரே ஒருமுறை விளையாட்டை விட்டுவிட்டு உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் ஆஷாக்கள் எல்லாம் கூலி கேட்டுப் போராட, சமரத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அது. மழையில் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தீர்கள். 'ஆஷாவை நிராஷா ஆக்காதே' என்று மலையாளத்தில் நான் எழுதிக் கொடுத்த அட்டையைத்தான் நீ பிடித்திருந்தாய். தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வந்தாய். வந்ததும் அப்பாவிடம் பொரிந்தாய்: "வேல சொல்றப்ப நாங்க தொழிலாளி. ஞாயம் கேட்டா சேவகியாம், மனசால செய்யிறதாம். ஓட்டுக் கேக்க வாறப்ப நாம கேரளாக்காரங்க. புள்ளைக்கு சாதிச் சர்ட்டிபிகேட் கேட்டுப் போனா, 'நிங்கள் தமிழ்நாட்டுகாரல்லே'ங்கிறான். அவனுக எங்கிட்டு நிக்கச் சொல்றானுக? செக்போஸ்ட் கம்பிமேலயா?"

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ பேசப் பேச நெற்றியோரம் நரம்பு துடித்ததைப் பார்த்தேன். அன்றைக்கு மூன்றாவது தடவையாகத் தைலம் போட்டாய். மறுநாள் பட்டையை எடுத்து உன் கையில் சுற்றப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய்.

"விடுடி. எனக்கே பிரஷருன்னு தெரிஞ்சா எவ எனக்குக் கையக் குடுப்பா? 'மொதல்ல நீ மாத்திரையப் போடு தாயி'ம்பாளுக."

"சரி தாயி" என்று நானும் விட்டுவிட்டேன். ஊரில் ஒருவரையும் விடாத ஒட்டுவார்ஒட்டி நான். உன்னை ஒரே வார்த்தையில் விட்டேன்.

மாரியம்மா அத்தை இன்னும் நீ விழுந்த அன்றைக்கு நடந்ததையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் பட்டை இறுகிக்கொண்டிருந்ததாம், மெஷினில் எண் ஓடிக்கொண்டிருந்ததாம், நீ ஏதோ சொல்ல வாயெடுத்து அப்படியே அவள் மடியில் சாய்ந்தாயாம். எஸ்டேட் ஜீப்பில் போடிமெட்டு வளைவுகளில் இறங்கினோம். உன் தலை என் மடியில். ஒவ்வொரு வளைவிலும் உன் ஒரு பக்கத்துக் கை மட்டும் துவண்டு ஆடியது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். அவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் ஓடி ஓடிச் செய்தார்கள். நடுவில் அவர் வெளியே வந்து, "இவங்களுக்கு முன்னாடியே பிரஷர் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அப்பா உன் பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தார். எவ்வளவு பெருமையாக எடுத்தார் தெரியுமா? "இல்லைங்க சார். இவளே ஆஷா. மாசாமாசம் பாத்து எழுதி வெச்சிருக்கா. எம் மகதான் எழுதுனா."

டாக்டர் அந்த வரிசையில் விரலை ஓட்டினார். என்னுடைய ஏற்றம், என்னுடைய இறக்கம், என்னுடைய தீபாவளி. "இவ்வளவு நல்லா இருந்திருக்கே" என்றார். என்னைப் பார்த்தார். வகுப்பில் வாயை மூடாததற்காக வாசலில் நிற்கிற நான், அங்கே வாயைத் திறக்கவில்லை.

சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று எனக்கே தெரியும். அவர்கள் அதற்கு முன்பே மெஷினில் பார்த்துவிட்டார்கள், மருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. தெரிந்து என்ன செய்ய? மறுநாள் காலையில் நீ இல்லை.

இப்போது அப்பா கதையைக் கேள். நீ போனதிலிருந்து மாத்திரையைத் தொடுவதில்லை. தினமும் காலையில் கட்டனோடு நீ அவர் உள்ளங்கையில் வைப்பாயே, அது. நான் வைத்தால் திருப்பி என் கையிலேயே வைக்கிறார். "மாசாமாசம் பாத்து எழுதுனவளே போயிட்டா. எல்லாம் சரியாத்தான இருந்துச்சு? என்னத்தப் பாத்து, என்னத்தத் தின்னு?" அவருக்கு அந்தப் பதினான்கு கட்டமும் வேதம். அதை எழுதிய கை என் கை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். பொடித்துக் கட்டனில் கலந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "உங்கம்மாகூட என்னைய ஒருநாளும் இப்படி ஏமாத்துனதில்ல, பாப்பா" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. தோசைக்குள் ஒளித்தேன், எடுத்து முற்றத்தில் வீசினார். நம் கொண்டைக்கோழி பாய்ந்து கொத்திவிட்டு, அன்று முழுவதும் விறகுக்கு அடியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. லயத்திலேயே பிரஷர் குறைந்த ஒரே ஆள் அதுதான்.

வாக்காளர் சீட்டு கொடுக்க வந்தவர் உனக்கும் ஒன்று கொண்டுவந்தார். "அம்மாவ நேரத்தோட கூட்டிட்டு வந்துரு" என்றார். "எங்க கூட்டிட்டு வர? எலெக்‌ஷன் மேலயா கீழயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப் போனது. முன்பெல்லாம் என் வாய்க்குச் சிரிப்பவர்கள் இருந்தார்கள். இப்போது எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை ஏலச்செடிக்கு மருந்தடிக்கப் போன இடத்தில் அப்பா குழாயை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கண் இருட்டியதாம். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். அவர் நெற்றியோரத்திலும் அந்த நரம்பு துடிக்கிறது, அம்மா. நான் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால் அவர் ஒருவேளை மாத்திரை போடுவார். ஆனால் உன் பெயர் என்ன ஆகும்? உன் விரலை நம்பிக் கை நீட்டிய அத்தனை பேரும், 'அவ எழுதுனதெல்லாம் இப்பிடித்தானா?' என்று கேட்க மாட்டார்களா? மற்ற எல்லாருக்கும் நீ பார்த்துத்தான் எழுதினாய் என்று நான் யாரிடம் சத்தியம் செய்வது? பொய்க்காரி சத்தியம் எந்தக் கடையில் செல்லும்? ஒரு வழி சொல்லேன். கனவிலாவது வந்து, வாயை மூடுடி கழுத என்றாவது சொல்லிவிட்டுப் போயேன்.

அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. வைக்கிறேன்.

*

மேலே இருப்பது சனிக்கிழமை எழுதியது. இன்றைக்குச் செவ்வாய்.

நேற்று ஷைனி சேச்சி வந்தார். உன் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில்தான் உட்கார்ந்தார். நல்ல மாதிரி. புத்தகத்தைப் புரட்டி நம் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஐயோ, இத்தர நல்ல பிரஷர் ஆயிருந்தோ சேச்சிக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா. "பாத்துப் பாத்து எழுதுனா. என்ன பிரயோஜனம்? எனக்குப் பாக்க வேணாம் சேச்சி. பட்டைய உள்ள வையுங்க."

சேச்சி பட்டையை மடிக்கத் தொடங்கினார். அது மடங்கும்போது தைல வாடை வந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அது அம்மா பிரஷர் இல்லப்பா. நான் போட்டது."

அப்பா என் வழக்கமான குறும்பு என்று நினைத்துக் கையை ஓங்குகிற மாதிரி பாவனை செய்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஓங்கிய கை மெதுவாக இறங்கியது. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது?"

"நான்."

"தீபாவளி மாசம்?"

"நான்தான்ப்பா."

"சமரத்துக்குப் போய்ட்டு வந்தாளே, அப்ப?"

"அதுவும்."

ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்தார். பதினான்கையும் கேட்டார். பிறகு முதல் கட்டத்துக்கே திரும்பி வந்தார். "ஒண்ணாச்சும் அவ கையில பாத்ததா பாப்பா? ஒண்ணே ஒண்ணு?"

ஒன்றுகூட இல்லை. அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

அப்பா எழுந்து வெளியே போய் விறகுக் கட்டையில் உட்கார்ந்தார். நான் சேச்சியின் காலைப் பிடிக்காத குறை. "மத்தவங்களுக்கு எல்லாம் பாத்துத்தான் எழுதுனாங்க சேச்சி. துண்டுச் சீட்டு எல்லாம் பையிலயே இருக்கு, அம்மாவுக்கு மட்டும்தான்..." என்று உளறினேன். அவர் சீட்டுக்கட்டை வாங்கினார். நாலைந்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு கட்டு அவிழாமல் ரப்பர் போட்டார். பேனாவை என் கையில் கொடுத்தார். "நீ எழுதியது நீயே வெட்டு மோளே."

ஒவ்வொரு எண்ணிலும் ஒரு கோடு. பக்கத்தில், 'பார்க்கவில்லை'. மலையாளத்தில் பதினான்கு முறை எழுதினேன். உன் வரிசையில் முதல்முதலாக உண்மை ஏறியது.

முடிக்கும்போது அப்பா உள்ளே வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார். சேச்சி பட்டையை எடுத்தார். அப்பா தலையை ஆட்டினார். "இவ பாக்கட்டும். உள்ளத எழுதட்டும்."

சுற்றினேன். மெஷினில் எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. கொஞ்சம்கூட லட்சணமில்லாத எண். இரண்டு குறைக்கவில்லை, நான்கு கூட்டவில்லை. அப்படியே எழுதினேன். நாளைக்கே சப் சென்டருக்கு வரச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சேச்சி போய்விட்டார்.

அப்பா அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேல் பேசுவாரா என்றும் தெரியவில்லை. பட்டை போய்விட்டது, அவர் கையில் சுற்றும்போது என் விரலில் ஏறிய உன் தைல வாடை போகவில்லை. சோறு பிசைந்தும் போகவில்லை, சோப்புப் போட்டும் போகவில்லை.

இன்றைக்குக் காலையில் கட்டனையும் ஒரு தட்டில் மாத்திரையையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. தட்டும் காலி. பூட்ஸ் இல்லை. சப் சென்டருக்குப் போனாரா, மருந்தடிக்கப் போனாரா, தெரியாது.

மாத்திரையை வீசியிருப்பாரோ என்று ஓடிப் போய் முற்றத்தில் கொண்டைக்கோழியைப் பார்த்தேன். தலை நிமிர்ந்து, கத்திக்கொண்டு, சேவலை விரட்டிக்கொண்டு திரிகிறது. இதோ இதை எழுதும்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், அம்மா. இன்னும் தலையைத் தொங்கப் போடவில்லை.