அத்தானின் நீர்த்தெள்ளுகள்

மார்ச் 4
முலாம் பூசும் ஆலைக்கு நிருபர்களான எங்களை அழைத்திருந்தார்கள். ஆய்வகத் தலைவர் என் அக்கா கணவர். வாசலில் கண்ணாடித் தொட்டி, சுத்திகரித்த கழிவுநீராம். உள்ளே நீர்த்தெள்ளுகள், எள்ளளவு நீர்ப்பூச்சிகள், துள்ளிக்கொண்டிருந்தன. "குரோமியம் கொஞ்சம் இருந்தாலும் இதுங்க செத்துடும். இதைவிட நேர்மையான சாட்சி உண்டா?" என்றார் அத்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். சாப்பாடு போட்டதே அதற்குத்தானே.

மார்ச் 6
ஆலைக் குடியிருப்பில் அக்கா வீடு. அக்கா மகள் முழுகாமல் இருக்கிறாள். கிணற்றுக்கும் கழிவு வாய்க்காலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். "அப்பாவே சர்டிபிகேட் கொடுத்த தண்ணி சித்தி" என்று சொம்போடு குடிக்கிறாள்.

தெள்ளுகளை எப்படி வளர்க்கிறீர்கள் என்று அத்தானைக் கேட்டேன். "ஆரம்பத்துல நிறைய செத்துச்சு. தப்பிச்சதை மட்டும் அதே தண்ணியில வளர்த்தோம். அதோட வாரிசுங்கதான் இதெல்லாம். இப்ப ஒண்ணுகூட சாகுறதில்ல!"

தண்ணீர் மாறவில்லை. சாட்சியைப் பழக்கிவிட்டார்கள். இதைப் பெருமையாக வேறு சொல்கிறார் — படித்த மனிதர்!

மார்ச் 7
வண்ணமீன் கடையில் தெள்ளு வாங்கினேன். மீனுக்கு இரையாக விற்பது; எனக்குச் சோதனைக்கு என்றேன். "சோதனைக்கா? எங்க மீனுங்க வைக்காத சோதனையா அக்கா?" என்றான் கடைக்காரன். மூன்று பாட்டில்களில் விட்டேன்: வாய்க்கால் நீர், கிணற்று நீர், கடைத் தொட்டி நீர்.

மார்ச் 8
கடை நீரில் துள்ளல். வாய்க்கால் நீரில் எல்லாம் செத்து அடியில்.

கிணற்று நீரிலும்.

கிணற்றைத் தொடாதே என்று அக்காவுக்குப் போன் செய்தேன். "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்டி." கேட்பாளாம்!

அத்தானே பேசினார். "மீன்கடைப் பூச்சியை நம்புறியா, என்னை நம்புறியா?"

"பூச்சியை."

"அதுங்க நோஞ்சான்மா. எங்களோடது மாதிரி வருமா?"

நோஞ்சானாம்! வயிற்றுப் பிள்ளையையும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி எடுப்பாரோ? இரண்டு தண்ணீரையும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 15
முடிவு வந்தது. வாய்க்காலில் குரோமியம், அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. கிணற்றிலும் அளவு மீறித்தான். நாளை முதல் பக்கம்.

மார்ச் 17
காலையில் ஆலையின் மறுப்பு அறிக்கை. 'மீன்கடை விஞ்ஞானம்' என்று என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். கீழே அத்தானின் கையெழுத்து.

மாலையில் என் வீட்டு வாசலில் அவர் கார். அக்கா மகள் இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள். அவர் இறங்கவில்லை. "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்மா" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

கிளம்பும்முன், ஜன்னல் வழியாகக் காலித் தண்ணீர் கேன் ஒன்றை நீட்டினார்.

"உங்க அக்காவுக்கு."

நிரப்பிக் கொடுத்தேன்.