காலி வூடு கூப்பிட்டுச்சு

அங்காளு,

இந்தக் காலத்து ஜனங்களுக்கு, வாங்கப் போற வூட்டுல ஆளுங்க இருந்த அடையாளமே தெரியக் கூடாதாம். புரோக்கர் சொன்னான்னு நம்ம புள்ள பரணி, கட்டில், பீரோ எல்லாத்தையும் ஏத்திக்கினு போயிட்டான். இன்னிக்கு வூடு பாக்க வராங்க. அவங்க முன்னாடி பல்லக் காட்டிக்கினு நிக்க என்னால ஆவாது. ஏரிப் பக்கம் போறேன். நீ அசந்து தூங்கற, எழுப்பல.

கொழம்பு சுட வெச்சிட்டேன். மிச்சம் கீற ரெண்டு தட்டையும் கழுவிட்டேன். புரோக்கர் சாவி கேட்டா குடுக்காத.

நேத்து மத்தியானம் கட்டில் போன கோவத்துல உன்கிட்ட கத்திட்டு வெறுந்தரையில படுத்தேன் இல்ல? தொட்டித் தண்ணியில பட்ட வெயிலு தலைக்கு மேல தளத்துல ஆடிச்சு. படகுல போற மாதிரி இருந்துச்சு. பாதித் தூக்கத்துல "அங்காளு"ன்னேன். சுவரும் "அங்காளு"ன்னுச்சு. நீ சமையக்கட்டுலருந்து ரெண்டுக்கும் "இன்னா, இன்னா"ன்ன. சாமான் அடைச்சிக் கெடந்த வரைக்கும் நாலு தடவ கூப்ட்டாலும் உனக்குக் காது கேக்காது.

பரணியோட பெருங்களத்தூர் ப்ளாட்டுக்குப் போனா மறுபடி பீரோவுக்கு நடுவுலதான் படுக்கணும். இப்பதான் இது வூடு மாதிரி கீது. இத ஏன் விக்கணும்?

பாய மட்டும், பரணி அதையும் ஏத்திக்கினு போவாம, தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சி வை.

இன்னொண்ணு. வர்றவங்க கூடத்துல நின்னு யாரையாவது கூப்பிட்டுப் பாத்தா, பழக்கத்துல நீ "இன்னா"ன்னுடாத.

பரணி வூட்ட விக்கச் சொல்றது எனக்கு இன்னும் சரியாப் படல. கெளம்பறேன்.

துலுக்காணம்