கம்பியில் காய்ந்த வாளை மீன்

1958 அக்டோபர் 4
ரேடியோ வந்துவிட்டது. சைகோனில் இருக்கும் மாமா அனுப்பியது. என் வீட்டுக்காரர் இரண்டு தென்னைகளுக்கு நடுவே உயரத்தில், அலை பிடிக்கச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினார். குருசுக்குப்பமே கூடி வேடிக்கை பார்த்தது. மாலையில் சென்னைச் செய்தி, முடிவில் கடல் நிலவரம். அது ஒன்றுக்காகத்தான் எனக்கு இந்தப் பெட்டி. பாட்டுக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

அக்டோபர் 6
சிலோன் ரேடியோ பகலில் வருவதில்லை, இருட்டினால் கேட்கிறது. ஏன் என்று கம்பி விற்ற கடைக்காரர் இராமதாஸிடம் கேட்டேன். சென்னை அலை கடலை ஒட்டியே வந்துவிடுமாம். தூரத்து அலை இருட்டிய பிறகு மேலே போய், வானத்தில் பட்டுத் திரும்பி இறங்குமாம். நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 13
சில நாளாக வெறும் இரைச்சல். பேட்டரியைத் திட்டினேன், அவரையும் திட்டினேன். வெளியே போய்ப் பார்த்தால் — கம்பி நெடுக வாளை மீன்! என் ஓரகத்தி தில்லையம்மாள் அக்காவின் வேலை. நீளமாக எதைக் கட்டினாலும் எங்கள் குப்பத்தில் மீன் காயப்போடாமல் விடமாட்டார்கள். பாரத்தில் கம்பி ஆடாமலிருக்க, ஈரக் கயிற்றால் அதைத் தரையில் முளையடித்தும் கட்டியிருக்கிறாள்.

இராமதாஸ் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கம்பியில் விழும் அலை பெட்டிக்கு வராமல் அந்த உப்புக் கயிறு வழியே மண்ணுக்குள் போகிறதாம். அப்படி ஒழுகக் கூடாது என்றுதான் இரு முனையிலும் பீங்கான் மணி கட்டுவது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

அக்டோபர் 14
கழற்றச் சொன்னேன். பாட்டுப் பெட்டிக்காக மீன் அழுகணுமா என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, "அது சொன்னா கடல் கேட்டுக்குமா, தனம்?" என்றாள்.

போன ஐப்பசியில் அவள் புருஷன் புயலில் சிக்கிக் கடலோடு போனார். அன்றைக்கும் சென்னையில் சொல்லியிருப்பார்கள், கேட்கத்தான் இங்கே பெட்டி இல்லை — இதை அவளிடம் சொல்லலாமா? சொல்லிட்டேன். கத்தியே சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்?

அக்டோபர் 15
கம்பியில் ஒன்றுமில்லை. கயிறும் இல்லை. அக்கா என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 29
நேற்று மாலை தெளிவாகக் கேட்டது: புயல் வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள். வெளியே இருந்த அக்காவுக்கும் கேட்டிருக்கும். காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கட்டுமரத்தைத் தள்ளப் போனார். அக்கா போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். "என்னெத் தூக்கிப் போட்டுட்டுப் போ" என்றாள். அண்ணியைத் தூக்க அவரால் முடியவில்லை. மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். மத்தியானம் காற்று வந்தது. இரண்டு கூரை போயிற்று. ஆள் எல்லாரும் வீட்டில்.

நவம்பர் 2
காற்றில் அறுந்த கம்பியை அவர் மறுபடி கட்டிவிட்டார். அக்கா மீனை மணலில் பாய் விரித்துக் காயப்போடுகிறாள். இன்று நாய் பாதியைத் தின்றுவிட்டது. நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். நாயை விரட்டிவிட்டு, மீதி மீனைத் திருப்பிப் போட்டாள்.