நெருக்கி நட்ட மிளகாய்

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வரும் முன் நான் இரண்டடி இடைவெளியில் நட்ட மிளகாய்க்கு நடுவே, பெரியப்பாவின் பேச்சைக் கேட்டு இன்னொரு வரிசை நட்டீர்கள். காற்றுப் புகாமல் காய்களெல்லாம் அழுகிவிட்டன. இப்போது, “உவள் வாங்கித் தந்த விதைதான் பிழை” என்று கரவெட்டி முழுக்கச் சொல்கிறீர்களாம். அது பொய்.

இங்கே கட்டாரில் நான் வேலை செய்யும் பண்ணையிலும் தக்காளியை நெருக்கி நடச் சொன்னார்கள். மறுத்தேன். மேற்பார்வையாளரும் உங்களைப் போலவே கத்திவிட்டு, என்னைக் கொட்டகைக்குள் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டார். பயப்பட வேண்டாம், அங்கே வெயில் இல்லை. கதைக்கத்தான் ஒருவரும் இல்லை.

அம்மா இடித்த கறித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லும்வரை உங்களோடு கதைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை அழைப்பு எடுப்பேன், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். பஸ் வந்துவிட்டது.

மகள்
நிவேதனா